பார்த்த இடத்தில் காணவில்லை

அடுக்களையில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் மனிதர்கள் இருக்கிறது என்பார்கள், இல்லை என்பார்கள். அக்கா எழுந்து போவாள். பானையின் மூடியைத் திறப்பாள். வெளிச்சம் போதாதென்றால் பானையை ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போய்ச் சாய்த்துப் பார்ப்பாள். பிறகு நிதானமாகத் திரும்பி வந்து, "நான் பாத்த பானையில காணல" என்பாள். அதற்குள் இங்கே குழம்பு பொங்கி அடுப்பை அணைத்திருக்கும்.

நம் வீட்டில் உள்ளதே ஒரு உப்புப்பானைதானே, இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயா வலிக்கும் என்று நான் கத்துவேன்.

"இல்லேண்ணு எனக்கெப்படித் தெரியும் பிள்ளே? பாத்ததச் சொன்னேன்" என்பாள், கொஞ்சம்கூடக் கோபமில்லாமல்.

இப்படிப்பட்டவளோடு ஒரே வீட்டில் குடியிருந்து பார்த்தால்தான் அந்த அவஸ்தை தெரியும். நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் ஒரு சின்ன வீட்டை நாங்கள் இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். எங்கள் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேராத காலம். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் தமிழ் டீச்சர், அவள் சயன்ஸ் டீச்சர். எனக்கு ஊர் சுசீந்திரம். அவளுக்கு இராஜாக்கமங்கலம் பக்கம், கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். என்னைவிடச் சில வயது மூத்தவள். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. இன்றைக்கும் அந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை, அக்கா என்றே இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'காணல டீச்சர்'.

பள்ளியில் இருந்த மைக்ராஸ்கோப்பில் லென்ஸெல்லாம் பூசணம் பிடித்திருந்தது. அதனால் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவிடமிருந்து, கழுத்தில் கிடந்த சங்கிலியை விற்று, அவள் சொந்தமாக ஒன்று வாங்கினாள். பித்தளைக் குழாயும் அடியில் ஒரு வட்டக் கண்ணாடியும் கொண்ட பழைய கருவி. மரப்பெட்டியில் வைத்துப் பள்ளிக்கு நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நடப்பாள். மழை வந்தால் குடை பெட்டிக்கு, அவள் நனைந்துகொண்டே வருவாள். கிழக்கு ஜன்னலோரத்து மேசை அதற்கென்றே ஒதுக்கியது. அந்த மேசையில் நான் ஒரு தடவை சீப்பை வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். வானத்து வெளிச்சத்தை அடிக்கண்ணாடியில் வாங்கி மேலே அனுப்பினால்தான் அதில் எதுவும் தெரியும். ஐப்பசியில் நாள்கணக்காக வானம் மூடிக் கிடந்தால் அவள் முகமும் மூடிக் கிடக்கும்.

செல்லைப் பற்றி அவள் பாடம் எடுத்தால் வகுப்பு முழுக்க வெங்காய வாடை அடிக்கும். பல்லாரி வெங்காயத்தின் இதழை ஒடித்து, உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை ஊசியால் உரித்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அதில் விரிப்பாள். மேலே இன்னொரு மெல்லிய கண்ணாடியைச் சரித்துச் சரித்து மூட வேண்டும். அவசரப்பட்டால் காற்று புகுந்துவிடும். பிள்ளைகள் வரிசையில் வந்து ஒற்றைக்கண்ணால் பார்த்துவிட்டுப் போய் வரைய வேண்டும். செங்கல் சுவர் மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு செல். 'செல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்' என்று என்னைக் கேட்டாள். 'அறை' என்று சொல்லேன் என்றேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. அறையென்றால் காலியாகவும் கிடக்கும், இது அப்படியல்ல என்றாள்.

ஒரு தடவை அயோடின் தீர்ந்துபோயிருந்தது. அயோடின் ஒரு துளி விட்டால்தான் செல்லுக்குள் இருக்கும் உட்கரு பழுப்பாகத் தெளிந்து தெரியுமாம். இல்லாவிட்டால் அந்தப் பழைய கருவியில் வெறும் கட்டங்கள்தான். வகுப்பில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி, புத்தகத்தில் உள்ளதுபோல ஒவ்வொரு கட்டத்துக்கும் நட்டநடுவில் பொட்டு வைத்ததுமாதிரி உட்கரு வரைந்து கொடுத்தாள். அக்கா பூஜ்யம் போட்டாள். கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி கோணல்மாணலாக வெறும் கட்டங்களை வரைந்தாள். அவளுக்கு முழு மார்க்கு.

கெட்டிக்காரியின் அப்பா ஒரு வக்கீல் குமாஸ்தா. சண்டைக்கு வந்துவிட்டார். புத்தகத்தில் உள்ளதைத்தானே என் மகள் வரைந்தாள், அது குற்றமா என்று கேட்டார்.

"புஸ்தகம் எழுதினவரு அவரு பாத்ததப் போட்டிருக்காரு. உங்க மக எதப் பாத்தா?" என்றாள் அக்கா.

அவரையே உட்காரவைத்துக் கருவியில் பார்க்கச் சொன்னாள். அவர் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, இதோ பளபளவென்று வட்டமாகக் கறுப்புக் கரையோடு தெரிகிறதே, இதுதானே செல் என்றார். "அது காத்தாக்கும்" என்றாள் அவள். மனிதர் எழுந்து போகிற போக்கில், இந்த அம்மாளுக்குக் கல்யாணம் ஆகாததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்று வராந்தாவில் நின்றவர்கள் கேட்கச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவளோ அடுத்த கண்ணாடித் துண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வறண்ட மனுஷி என்று யாராவது நினைத்தால் அது சுத்தத் தப்பு. சுசீந்திரம் தெப்பக்குளத்தில் இருந்து நான் ஒருதரம் ஈரத்துணியில் சுற்றி வேலம்பாசி கொண்டுவந்து கொடுத்தேன். அதில் ஒரு குஞ்சு இலையைக் கிள்ளிக் கண்ணாடிக்கடியில் வைத்தவள், தோசை சுட்டுக்கொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பச்சை மணிகள் சுவரோரமாக வரிசைபோட்டுச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. யாரும் துரத்தவில்லை, யாரும் இழுக்கவில்லை, அதுபாட்டுக்கு ஓடுகிறது. தோசை கரிந்தது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தவர்கள் அவளை ஒருநாளும் வறண்டவள் என்று சொல்ல மாட்டார்கள்.

அந்தத் தைரியத்தில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சீண்டினேன். வேதக்கோயிலுக்குப் போய்வருகிறாயே அக்கா, கர்த்தர் இருக்கிறாரா என்று யாராவது கேட்டால் பார்த்த இடத்தில் காணவில்லை என்றுதான் சொல்வாயா என்று கேட்டேன். அவள் முகம் சிறுத்துவிட்டது. "எல்லாம் பாத்துச் சொல்லுத காரியமில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையிலிருந்த வேதப்புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

இனி என் தங்கை கதைக்கு வருகிறேன். அக்காவைப் பற்றிப் பேசினால் அங்கே வராமல் இருக்க முடியாது.

எங்கள் அப்பாவுக்கு வலதுகால் யானைக்கால். எங்கள் பக்கம் அது அதிசயமில்லை, தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஆனால் பெண் கேட்டு வருகிறவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அப்பாவின் காலைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். தங்கைக்கு வந்த இடமெல்லாம் அப்படித்தான் தட்டிப்போயிற்று. கடைசியில் கொட்டாரத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையன் பலசரக்குக் கடை வைத்திருந்தான். அவனுடைய அம்மா வீட்டுக்குப் பின்னால் குழியில் கதம்பை ஊறப்போட்டு, அந்தத் தேங்காய் நாரைக் கயிறு திரித்து விற்று அவனை ஆளாக்கியவள். நல்ல மனிதர்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். பெண்ணின் ரத்தத்தில் யானைக்கால் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று அம்மா சொன்னாள். என்னோடு இருக்கும் டீச்சரிடம் பூதக்கண்ணாடி இருக்கிறது, அவள் பார்த்துச் சொல்லட்டும் என்றாள். பையனின் தாய்மாமா உடனே ஒத்துக்கொண்டார். கண்டதை மட்டுமே சொல்கிற டீச்சர் என்று அவர் காதிலும் விழுந்திருந்தது.

ரத்தம் பார்ப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேதக்காரி புழங்குகிற வீடு என்று அத்தனை வருஷமும் அங்கே பச்சைத் தண்ணீர் குடிக்காதவள், அன்றைக்கு அக்கா கையால் காப்பி வாங்கிக் குடித்தாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டே நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"காலம்பற பஸ்ஸுல வாறாவ. வந்த உடனே பாத்து முடிச்சிருங்க டீச்சரம்மா. நீங்க பொய்யொண்ணும் சொல்லாண்டாம். எப்பவும் சொல்லுத மாதிரியே சொன்னா போதும்" என்றாள் அம்மா.

அக்கா காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். அம்மாவுக்கு ஏன் இந்த வீண் பேச்சு, அக்காவைப் போய்ப் பொய் சொல்ல யார் கூப்பிடப் போகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் நல்ல வெயில். தாய்மாமா கோயிலுக்குள் நுழைவதுபோலச் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். தங்கை விரலை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்கா ஊசியை விளக்கில் காட்டி, குத்தி, ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் ஏற்றி மூடினாள். முதலில் அவரையே பார்க்கச் சொன்னாள். இது என்ன ரத்தம், மஞ்சளாக அல்லவா இருக்கிறது என்று அவர் திகைத்தார். ரத்த அணு ஒவ்வொன்றாகப் பார்த்தால் மஞ்சளாகத்தான் தெரியும், கூடிக் கிடந்தால்தான் சிவப்பு என்று சொன்னாள். பூச்சி இருந்தால் வெள்ளை நூல்போல நெளிந்து இந்த அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போகும் என்றும் சொன்னாள். பிறகு அவள் உட்கார்ந்தாள். கண்ணாடித் துண்டை மேலும் கீழுமாக, ஓரம் விடாமல், வயலில் வரப்போரம் நடக்கிறவள் மாதிரி நகர்த்திப் பார்த்தாள். இன்னொரு துளி எடுத்தாள். அதையும் பார்த்தாள். நான் சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தாள். "நான் பாத்த இடத்துல ஒண்ணும் காணல அண்ணாச்சி."

"அது போதும் தாயி. இல்லேண்ணு நீங்க சத்தியம் பண்ணியிருந்தாத்தான் நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றார் அவர்.

என்னை அத்தனை நாள் பாடாய்ப் படுத்திய அந்த வாக்கியம் என் தங்கைக்குக் கல்யாணம் முடித்துவைத்ததே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், அக்கா மதியச் சோற்றைத் தொடாமல் மேசையருகே அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். அந்தப் பூச்சி பகலில் விரல்நுனி ரத்தத்துக்கு வராது, உள்ளே எங்கேயோ ஒளிந்துகொள்ளும். ஊர் உறங்குகிற நேரத்தில் ரத்தம் எடுத்தால்தான் கண்ணில் படும். பகலில் யாருடைய ரத்தத்தைப் பார்த்தாலும், உன் அப்பாவின் ரத்தத்தையே பார்த்தாலும், ஒன்றும் காணாது.

அம்மாவுக்கு இது தெரியும். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது கம்பவுண்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் காலைப் பஸ்.

நீ பொய் சொல்லவில்லையே அக்கா, பார்த்ததைத்தானே சொன்னாய் என்றேன்.

"பொய் சொல்லியிருந்தாக்கூட கொள்ளாம் பிள்ளே. பொய்யிண்ணா அது பொய்யிண்ணு எனக்காவது தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

நான் அதை அன்றைக்குப் புரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டு எதற்கு இழவு வீட்டு முகம் என்று எனக்குச் சலிப்புதான் வந்தது. அவள் சும்மா இருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சுசீந்திரத்துக்குப் போய் அம்மாவிடம் மன்றாடினாள். ஒரே ஒரு ராத்திரி தங்கையை எங்கள் வீட்டில் தங்கவையுங்கள், பார்த்துவிடுகிறேன், இப்போது இதற்கு மாத்திரை வந்திருக்கிறது, கால் வீங்குவதற்கு முன்னால் கொடுத்தால் நல்லது, ஒரு குஞ்சுக்கும் தெரியாது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அம்மா மசியவில்லை. "கண்டுட்டிய எண்ணா உங்களால சொல்லாம இருக்க முடியாது டீச்சரம்மா" என்றாள். அக்காவை என் அம்மாவைவிடச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் யாருமில்லை. அந்தப் புத்தியைத்தான் அவள் இதற்குப் பயன்படுத்தினாள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கசக்கிறது.

கல்யாணம் நடந்தது. அக்கா வந்து பந்தலின் கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

தங்கை முதல் பிள்ளை பெற்று எழுந்ததற்கப்புறம் குளிர்க்காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. பிறகு இடதுகால் வீங்கிற்று. இறங்கவில்லை. செய்தி வந்த அன்றைக்கு நான் அழுதேன். அக்கா அழவில்லை. கொட்டாரத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று காத்திருந்தாள். சொல்லத் தயாராகத்தான் இருந்தாள், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தாய்மாமா வந்தார். தோளில் ஒரு மட்டி வாழைப்பழக்குலை. அதை அக்காவின் முன்னால் இறக்கி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க அன்னைக்குப் பாத்துச் சொன்னதுனால தெரிஞ்சுது டீச்சரம்மா. வரும்போ சுத்தமா வந்த பிள்ள. எங்க வீட்டுக் கொசுவாக்கும் இதச் செஞ்சது. எனக்க அக்கா அந்தக் கதம்பைக் குழிய மண்ணு போட்டு மூடிட்டா. நம்மாலதானே அந்தப் பிள்ளைக்கு இப்பிடி ஆச்சுண்ணு தினமும் அவளே காலுக்கு ஒத்தடம் போடுகா."

அந்தக் குழியில்தான் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பிழைப்பே இருந்தது. அதை மூடிவிட்டு, தன்னுடையதுதானா என்றே தெரியாத பாவத்துக்காக மருமகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா வாயைத் திறந்தாள். "அண்ணாச்சி, அன்னைக்குப் பகலு நேரம்..." என்று தொடங்கினாள். அவர் தலையை முன்னால் நீட்டி, குழந்தை மாதிரி நம்பிக்கையோடு, மேலே என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்க நின்றார். சொன்னால் அந்த வீட்டில் என் தங்கையின் இருப்பு என்னாகும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். தொடங்கியதை அப்படியே விட்டுவிட்டாள். கைக்குழந்தை நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது, யாரும் தரையில் விடுவதில்லை என்று அவர் சிரித்தார்.

அவர் போனபின், தங்கைக்கு அது அப்போதே இருந்ததா, அங்கே போன பிறகு வந்ததா என்று நான் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது பிள்ளே. பாத்திருந்தா தெரியும்" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. அந்தப் பழங்கள் மேசைமேல் கிடந்து கறுத்துப்போயின. அவளும் தொடவில்லை, எனக்கும் இறங்கவில்லை.

அடுத்த வாரம் மைக்ராஸ்கோப்பைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டாள். அது அங்கே அலமாரியில் பூட்டிக் கிடந்து, பழையதைப்போலவே பூசணம் பிடித்தது. அவள் பாடம் நடத்தியது நின்றுவிடவில்லை. ஒருநாள் அவள் வகுப்பைக் கடந்து போனேன். வெங்காய வாடை இல்லை. கரும்பலகையில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் சாக்கட்டியால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் அதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். அந்த வருஷம் எல்லோருக்கும் நல்ல மார்க்கு. வக்கீல் குமாஸ்தாக்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டில் கிழக்கு ஜன்னலோரத்து மேசையில் என் சீப்பு, அவள் குடை, சலவைத் துணி எல்லாம் வந்து சேர்ந்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. என்னென்னவோ பேசி அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். வேலம்பாசி கொண்டுவரட்டுமா என்றுகூடக் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஒரு சாயங்காலம் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா, பானையில் உப்பு இருக்கிறதா என்று பழைய வழக்கத்தில் கேட்டேன். அவள் எழுந்திருப்பாள், பானையை ஜன்னல் பக்கம் கொண்டுபோவாள் என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றேன். குழம்பு பொங்கி வழிந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமல், "இல்ல" என்றாள்.

நான் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்து பானையைத் திறந்தேன். பாதிக்கு மேல் உப்பு இருந்தது. பொட்டலத்தைப் பிரித்து அதன்மேலேயே கொட்டி மூடிவைத்தேன்.